97,000 என்ற எண்ணுக்குள் இருந்தவை: யாழ். பொது நூலகம், ஒரு நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைப் பற்றி எழுதுபவர்களில் பலர் ஒரு வரியைத் தவறாமல் சேர்த்துவிடுகிறார்கள்: யாழ்ப்பாண வைபவமாலையின் ஒரே பிரதி அந்தத் தீயில் அழிந்துபோனது என்று. படித்ததும் வயிற்றைப் பிசையும் வரிதான். ஆனால் வைபவமாலையை இன்றைக்கும் எடுத்துப் படிக்கலாம். ஒல்லாந்தர் ஆட்சியில், மேக்கறூன் என்ற அதிகாரி கேட்டுக்கொண்டபடி, மாதகல் மயில்வாகனப் புலவர் 1736-ஐ ஒட்டி யாழ்ப்பாண வரலாற்றைச் சொல்லி எழுதிய உரைநடை நூல் அது. 1879-லேயே பிரிட்டோ என்பவர் அதை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொழும்பில் வெளியிட்டார். தமிழிலும் அச்சானது. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குல. சபாநாதனின் பதிப்பு வந்தது. 1981-ல் நூலகத்தோடு போனது அந்த நூலின் ஒரு கையெழுத்துப் பிரதி. பிரதிக்குப் பிரதி சொல் மாறும் பாடவேறுபாடு பார்த்துப் பதிப்பிக்க நினைப்பவருக்கு அந்தப் பிரதிக்கு ஈடாக எதுவுமே கிடையாது. அந்த அளவில் இழப்பு பெரியது. நூல் மட்டும் பிழைத்துக்கொண்டது.

இதை முதலிலேயே சொல்வது யாருடைய துயரத்தையும் குறைத்துப் பேசுவதற்காக இல்லை. ஒரு பொது நூலகம் எரிந்தால் எது மீளும், எது மீளாது என்று பிரித்துப் பார்க்காமல் ‘97,000 நூல்கள்’ என்று ஒரே எண்ணாகச் சொல்லிக்கொண்டே வந்தோம். எண் பெரிதாக இருந்ததால் அதற்குள் என்ன இருந்தது என்ற பேச்சு சிறுத்துவிட்டது. திரும்பத் திரும்ப வருவது நாலைந்து நூல்பெயர்கள்தான். அவற்றிலும் பாதிக்கு மேல் வேறெங்கோ இருப்பவை.

வைபவமாலையே இந்தக் கேள்விக்கு ஒரு வழி காட்டுகிறது. தனக்கு ஆதாரமாக இருந்த நூல்களை அது பாயிரத்தில் சொல்கிறது: கையிலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை. முதல் இரண்டும் அச்சேறி நம் கைக்கு வந்தன. பின்னிரண்டும் கிடைக்கவில்லை. 1981-க்கு வெகுகாலம் முன்பே அவை போய்விட்டன. படியெடுத்தது நின்றது, படியெடுக்காதது போனது. யாழ்ப்பாணத்து வரலாற்று ஆதாரங்களின் கதையை இந்த நான்கு பெயர்களை வைத்துக்கொண்டே பாதிக்கு மேல் சொல்லிவிடலாம்.

வீட்டில் தொடங்கிய நூலகம்

1933-ல் யாழ்ப்பாண நீதிமன்றத்தில் செயலாளராக இருந்த க. மு. செல்லப்பா, தன் வீட்டில் இருந்த புத்தகங்களை மற்றவர்களுக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அதே ஆண்டின் இறுதியில், யாழ்ப்பாணத்துக்கு ஒரு மத்திய இலவசத் தமிழ் நூல்நிலையம் வேண்டும் என்று வேண்டுகோள் ஒன்றை வெளியிட்டார். 1934 ஜூனில் யாழ். மத்திய கல்லூரியில் ஊர்ப் பெரியவர்கள் கூடிக் குழு அமைத்தார்கள். ஓகஸ்ட் 1-ஆம் திகதி ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் நூலகம் திறந்தது. கையில் இருந்தவை 844 நூல்கள், முப்பது அளவில் பத்திரிகைகளும் சஞ்சிகைகளும், கொஞ்சம் ஓலைச்சுவடிகள்.

இந்தக் கடைசிச் சங்கதியைக் கவனிக்க வேண்டும். வாடகை அறையில், நூறு ரூபாய் செலவழிக்கவும் யோசிக்க வேண்டிய நிலையில் இருந்த நூலகம், முதல் நாளிலேயே சுவடியையும் நாளேட்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது. காலையில் பேப்பர் பார்க்க வருகிறவரும் சுவடி வாசிக்கத் தெரிந்த புலவரும் ஒரே வாசலால் நுழைந்தார்கள். உள்ளூர் வரலாற்றுக்கென்று தனி அறை, தனிப் பெயர்ப்பலகை எல்லாம் பிற்காலத்து விஷயங்கள்.

இப்படி ஒரு நூலகம் உருவாவதற்கான நிலம் முன்பே பண்பட்டிருந்தது. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் 1823-ல் செமினரியைத் தொடங்கியது. அடுத்து மானிப்பாயில் அச்சகம் வந்தது. 1841-ல் உதயதாரகை பத்திரிகை தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. 1842-ல் மானிப்பாய் அகராதி. மிஷன்காரருக்கு எதிராக ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் தானே ஓர் அச்சகம் நிறுவினார். 1876-ல் கத்தோலிக்கர் பத்திரிகை, 1889-ல் இந்து சாதனம். ஒருவர் எழுதினால் இன்னொருவர் மறுத்து எழுதுவார், அதற்கு மறுப்பு, அந்த மறுப்புக்குக் கண்டனம். இந்தச் சண்டையில் அச்சான துண்டுப் பிரசுரங்கள் கொஞ்சநஞ்சமில்லை. சமயச் சண்டை வாசிப்பை வளர்த்த ஊர் என்று யாழ்ப்பாணத்தைச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

கிராமங்களில் அதே காலத்தின் தொடர்ச்சியாக வாசிகசாலைகள் எழுந்தன. ஓலைக் கொட்டிலோ கல்வீடோ, ஒரு மேசை, வாங்கு (பெஞ்ச்), அன்றைய பத்திரிகைகள். பிற்காலத்தில் பலவும் சனசமூக நிலையம் என்று பெயர் மாறின. ஊர்ப் பத்திரிகை வாசிப்பும் அரசியல் வாதமும் அங்கேதான் நடந்தன. நகரத்துப் பொது நூலகம் இந்தச் சிறு சிறு வாசிகசாலைகளின் மேல்தான் நின்றது. வாசிகசாலையில் கிடைக்காததைத் தேடி யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறுவார்கள்.

1935-ல் நூலகம் நகர சபையின் பொறுப்புக்குப் போனது. பெரிய கட்டடம் வேண்டும் என்ற முயற்சி, யாழ்ப்பாணம் மாநகரமான பிறகு, மேயர் சாம் சபாபதி காலத்தில் சூடுபிடித்தது. புனித பத்திரிசியார் கல்லூரி அதிபராக இருந்த லோங் அடிகள் அந்த முயற்சிக்கு முதுகெலும்பு. அயர்லாந்துக்காரர், இன்றும் நூலகத்தருகே அவருக்குச் சிலை நிற்கிறது. சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிடப் பாணியில் வரைபடம் தந்தார். நூலகவியல் ஆலோசனைக்கு எஸ். ஆர். ரங்கநாதன். கட்டடம் முழுதும் முடியும் முன்பே, 1959 ஒக்டோபர் 11-ஆம் திகதி மேயர் அல்பிரட் துரையப்பா திறந்துவைத்தார். 1967-ல் சிறுவர் பகுதி வந்தது, 1971-ல் கேட்போர் கூடம்.

சேகரிப்பின் உண்மையான சொந்தக்காரர்கள்

மாநகர சபை சம்பளம் கொடுத்தது, கட்டடத்தைப் பராமரித்தது, புதுப் புத்தகம் வாங்கியது. ஆனால் இரவல் கொடுக்காமல் அங்கேயே பார்க்க வைக்கும் உசாத்துணைப் பகுதியின் உயிரான நூல்கள் வீடுகளிலிருந்து வந்தவை. கலை வரலாற்று அறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் நூல்தொகுதி அங்கே இருந்தது. 1934 குழுவின் உப தலைவராக இருந்த ஐசாக் தம்பையாவின் நூல்கள் இருந்தன. கோப்பாய் எம்.பி.யாக இருந்த வன்னியசிங்கத்தின் நூல்கள் இருந்தன. இவர்களைப்போல இன்னும் சிலர்.

தனிமனிதர் நூல்தொகுதி என்பது வெறும் புத்தகக் கூட்டம் கிடையாது. ஒருவர் நாற்பது ஆண்டு எதைத் தேடினார், எதோடு எதைச் சேர்த்து வைத்தார், ஓரத்தில் எதை மறுத்து எழுதினார் என்பதெல்லாம் அதில் கிடக்கும். முதலியார் இராசநாயகம் 1926-ல் பண்டைய யாழ்ப்பாணம் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார். இரண்டே ஆண்டில் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர், யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தை வெளியிட்டு வைபவமாலையைச் சல்லடை போட்டார். இவர்கள் வாதிட்டதைப் புரிந்துகொள்ள, இவர்கள் பார்த்த மூலங்கள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இடம் பொது நூலகம். கொழும்பில் ஒன்று, லண்டனில் ஒன்று, சென்னையில் ஒன்று என்று கிடைத்தாலும், யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவர் ஒரே மேசையில் மூன்றையும் விரித்து வைக்கும் வசதி வேறெங்கும் இல்லை.

வெளியூர்க்காரருக்கு இதன் அருமை உடனே பிடிபடாது. பெரிய நகரத்து ஆராய்ச்சி நூலகத்தில் யாழ்ப்பாணத்து நூல் ‘இலங்கை – வரலாறு’ என்று ஓர் எண்ணின் கீழ் உட்கார்ந்திருக்கும். சொந்த ஊரில்தான் அதே நூல் இன்னொரு வீட்டுக்காரரின் கையெழுத்தோடும், அதற்கு எழுதிய மறுப்போடும், அந்த மறுப்பு வெளியான பத்திரிகையோடும் சேர்ந்து நிற்கும்.

1981, மே 31-உம் அடுத்து வந்த நாட்களும்

ஜூன் 4-ஆம் திகதி மாவட்ட அபிவிருத்தி சபைத் தேர்தல். அதற்கெனத் தெற்கிலிருந்து பெருந்தொகையாகப் பொலிசார் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டிருந்தார்கள். அமைச்சர்கள் சிறில் மத்தியூவும் காமினி திசாநாயக்காவும் நகரில் இருந்தார்கள். மே 31 அன்று தமிழர் விடுதலைக் கூட்டணிக் கூட்டத்தில் பொலிசார் சுடப்பட்டதைத் தொடர்ந்து சீருடையினர் நகருக்குள் இறங்கினார்கள். கூட்டணியின் அலுவலகம் எரிந்தது, யாழ். எம்.பி. யோகேஸ்வரனின் வீடு எரிந்தது, கடைத்தெரு எரிந்தது. பொது நூலகம் எரிந்தது. பல மொழி அறிந்த ஆராய்ச்சியாளர் தாவீது அடிகள், நூலகம் எரிவதைக் கண்ட அதிர்ச்சியில் உயிர்விட்டார். இந்தக் குற்றத்துக்காக எவரும் நீதிமன்றத்தில் தண்டனை பெறவில்லை.

அரசியல் பொறுப்பு பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. இங்கே அதை நீட்டவில்லை. நூலகத்தின் பக்கம் நின்று பார்க்கும்போது கண்ணில் படும் வேறொரு விஷயம் உண்டு. அதே நாட்களில் ஈழநாடு நாளிதழின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. பூபாலசிங்கம் புத்தகசாலையும் எரிந்தது. செய்தி அச்சாகும் இடம், புத்தகம் விற்கும் இடம், புத்தகமும் பத்திரிகையும் தேங்கி நிற்கும் இடம் மூன்றும் ஒரே வீச்சில் போயின.

நூலகர்களுக்கு இதில் ஒரு கசப்பான பாடம் உண்டு. உள்ளூர்ப் பத்திரிகையின் பழைய இதழ்க் கோப்பு இரண்டு இடத்தில் இருக்கும் என்று நம்புவோம்: ஒன்று பத்திரிகை அலுவலகம், மற்றது பொது நூலகம். ஒன்று போனால் மற்றது காக்கும் என்பது கணக்கு. இரண்டும் நடந்து போகும் தூரத்தில் இருந்தால் அந்தக் கணக்கு தப்பு. வெள்ளம், கறையான், சண்டை எது வந்தாலும் இரண்டுக்கும் சேர்த்தே வரும்.

எரிந்ததை நான்காகப் பார்த்தால்

97,000-இல் பெரும் பங்கு உலகெங்கும் அச்சான பொது நூல்கள். ஆங்கில நாவல், பாடநூல், கலைக்களஞ்சியம், விஞ்ஞானம், தமிழகத்துப் பதிப்புகள். ஒரு தலைமுறை மாணவருக்கு அவை இல்லாமற்போனது உண்மையான இழப்பு. இரவல் பகுதி மூடிக் கிடந்த ஆண்டுகளை யாரும் திருப்பித் தர முடியாது. ஆனால் நூல்களாகப் பார்த்தால் பணமும் காலமும் இருந்தால் மீளக்கூடியவை. 1681-ல் லண்டனில் அச்சான றொபேட் நொக்ஸின் இலங்கை நூல் போன்ற அரிய பழம் பதிப்புகளும் விலை கூடியவைதான், ஆனாலும் உலகில் வேறு பிரதிகள் உண்டு.

அடுத்தது இலங்கையில் அச்சான தமிழ் நூல்கள். இங்கே நிலைமை வேறு. இலங்கையில் அச்சாகும் நூல்களை அரசிடம் பதிவு செய்து பிரதி ஒப்படைக்க வேண்டும் என்ற சட்டம் 1885-ல் வந்தது. ஆட்சியாளருக்கு அது கண்காணிப்புக்கான சட்டம். யார் என்ன அச்சடிக்கிறார்கள் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதனாலேயே பல சிறு நூல்களின் பிரதி கொழும்பு ஆவணக் காப்பகத்துக்கும் லண்டனுக்கும் போய்ச் சேர்ந்தது. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த தமிழ் நூல்களுக்கு பார்னட்டும் ஜி. யு. போப்பும் 1909-ல் ஒரு பெரிய பட்டியல் வெளியிட்டார்கள். யாழ்ப்பாணத்து அச்சகப் பெயர்கள் அதில் நிறையவே வருகின்றன. யாழ்ப்பாணத்தில் எரிந்த ஒரு கண்டனப் பிரசுரத்தைத் தேடுபவர் முதலில் அந்தப் பட்டியலைத்தான் புரட்ட வேண்டும். குடியேற்ற ஆட்சி சந்தேகத்தில் சேர்த்து வைத்தது, குடிகளின் சேகரிப்பு எரிந்த பிறகு உதவுகிறது.

சென்னையும் உதவியது. நாவலருக்கு அங்கேயும் அச்சகம் இருந்தது. சி. வை. தாமோதரம்பிள்ளை வீரசோழியத்தை 1881-லும் கலித்தொகையை 1887-லும் பதிப்பித்தார். கட்டை அவிழ்த்தாலே முறிந்து உதிரும் ஓலைகளைப் பற்றி அவர் பதிப்புரையில் எழுதியிருப்பது தமிழ்ப் பதிப்புலகில் எல்லோரும் அறிந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஓலையைக் காகிதத்துக்கு மாற்றுவதில் முன்னே நின்றவர்களில் யாழ்ப்பாணத்தார் அதிகம். அவர்கள் பதிப்புகள் மறைமலையடிகள் நூலகத்திலும் ரோஜா முத்தையா நூலகத்திலும் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன.

மூன்றாவது, சுவடிகளும் கையெழுத்துப் பிரதிகளும். இங்கேதான் மீளாத இழப்பு தொடங்குகிறது. ஒரு சுவடி இன்னொரு சுவடிக்கு மாற்றாகாது. அச்சில் வந்த நூலின் சுவடியாக இருந்தாலும் அதில் உள்ள பாடம் தனி, எழுதியவர் பெயர் தனி, எந்த வீட்டுச் சுவடி என்பது தனி. பரராசசேகரம் என்ற பெரிய மருத்துவ நூல் நமக்குக் கிடைத்திருப்பது ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாகம் பாகமாக அச்சிட்டதால். அவரைப் போன்ற ஒருவர் கைக்கு வராத வைத்தியர் வீட்டு ஏடுகளுக்கு இரண்டாவது வாய்ப்பே இல்லை.

நான்காவதாக ஒன்றை நான் சேர்ப்பேன். இழப்புப் பட்டியல்களில் அது அபூர்வமாகவே வரும். துண்டுத்தாள்கள். கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூட ஆண்டு மலர், வாசிகசாலை நிறைவு விழா மலர், நாடக நோட்டீஸ், தேர்தல் துண்டுப் பிரசுரம், ஐக்கிய நாணய சங்க அறிக்கை. யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அளவில் கல்வெட்டு என்று ஒரு சிறு நூல் அச்சடித்து உறவினருக்குக் கொடுப்பார்கள். இறந்தவரின் பிறந்த ஊர், பெற்றோர், கொண்டான் கொடுத்தான் உறவு, செய்த தொழில், போய்வந்த நாடு எல்லாம் அதில் பாட்டாகவும் உரைநடையாகவும் இருக்கும். மலாயாவுக்கு ரெயில்வே வேலைக்குப் போன தலைமுறையைப் பற்றி எழுத நினைப்பவருக்கு அரசாங்க அறிக்கைகளைவிட இந்தச் சிறு நூல்கள் கூடச் சொல்லும். எந்தச் சட்டமும் இவற்றை லண்டனுக்கு அனுப்பச் சொல்லவில்லை. எந்தப் புத்தகக் கடையும் விற்கவில்லை. நூலகங்களிலும் இவை வந்த வேகத்தில் அட்டைப்பெட்டிக்குள் போய்விடும், நூற்பதிவேட்டில் ஏறாது. ஏறாதது எரிந்தால் எரிந்தது என்றுகூடத் தெரியாது.

மீளக் கட்டியதும் மீளாததும்

எரிந்த மறு ஆண்டே ஊர் மக்கள் நூலக வாரம் நடத்திப் புத்தகம் சேர்த்தார்கள். 1984 ஜூனில் நூலகத்தின் ஒரு பகுதி திறந்தது. 1985 மே மாதம் மீண்டும் தாக்குதல். கோட்டைக்கு அருகில் நிற்கும் கட்டடம், போர் முற்றிய ஆண்டுகளில் ஓட்டை விழுந்த வெறும் கூடாக நின்றது. எரிந்த கட்டடத்தை அப்படியே நினைவுச் சின்னமாக விட்டுவிட்டு வேறிடத்தில் புதிது கட்டுவதா, இதையே திருத்துவதா என்ற விவாதம் நீண்ட நாள் நடந்தது. 1998-க்குப் பின் அரசாங்கம் ‘புத்தகமும் செங்கல்லும்’ என்ற இயக்கத்தோடு இதையே திருத்தும் வேலையைத் தொடங்கியது. வெள்ளை வண்ணத்தில், பழைய தோற்றத்தில் கட்டடம் எழுந்தது. சாம்பலை வெள்ளையடித்து மறைக்கிறார்கள் என்று ஒரு தரப்பு சொன்னது. பிள்ளைகளுக்குப் படிக்க இடம் வேண்டும் என்று மறு தரப்பு. 2003-ல் திறப்பு விழா எதிர்ப்பால் நின்றது. மாநகர சபை உறுப்பினர்கள் கூண்டோடு பதவி விலகினார்கள். பின்னர் நூலகம் வாசகருக்குத் திறந்தது.

இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது என்று சொல்லி நகர்ந்துவிடலாம். என் கருத்து, திருத்தியது சரி. எரிந்த சுவர் ஒன்றை உள்ளேயே ஒரு மூலையில் அப்படியே விட்டிருந்தால் இன்னும் சரி.

புத்தக இயக்கங்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டும். நன்கொடையாக வரும் புத்தகம் எப்போதும் கொடுப்பவரிடம் மிச்சமாக இருப்பது. கொழும்பிலும் வெளிநாட்டிலும் நல்லெண்ணத்தோடு திரட்டினார்கள், அலுமாரி நிறைந்தது. ஆனால் 1934-ன் வாடகை அறையில் சுவடியோடு தொடங்கிய நூலகத்துக்கு, அச்சுவேலியிலும் காரைநகரிலும் இருந்து வர வேண்டியவற்றை நியூயோர்க்கிலிருந்தோ கண்டியிலிருந்தோ வரும் பெட்டி கொண்டுவராது. எண்ணிக்கை மீண்டது என்று அறிக்கை எழுதலாம். உள்ளூர்ச் சேகரிப்பு அறிக்கையால் மீளாது.

சரி, ஊரிலிருந்தே திரும்பச் சேர்த்திருக்கலாமே என்றால், ஊர் அங்கே இல்லை. யாழ். குடாநாட்டின் வலிகாமம் வடக்கில் 1990 முதல் மக்கள் வெளியேற்றப்பட்டு, நிலம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமானது. 1995 ஒக்டோபர் 30-ஆம் திகதி யாழ்ப்பாண நகரமும் வலிகாமமும் ஏறத்தாழ ஒரே நாளில் காலியானது. நாவற்குழிப் பாலத்தைக் கடந்த சனம் சைக்கிளில் எதைக் கட்டிக்கொண்டு போயிருக்கும்? பிள்ளை, அரிசி, உடுப்பு, காணி உறுதி. தாத்தாவின் சுவடிக்கட்டும் பழைய மலர்களும் வீட்டில் நின்றன. திரும்பி வந்தபோது பல வீடுகளில் கூரையே இல்லை. 1981-ல் எரிந்த நூலகத்துக்கு ஆண்டுதோறும் நினைவு நாள் உண்டு. ஆயிரக்கணக்கான வீட்டு அலுமாரிகளாகச் சிதறிக் கிடந்த இன்னொரு நூலகம் 1990-களில் அழிந்தது. அதற்கு நாளும் இல்லை, படமும் இல்லை. யாழ்ப்பாணத்து உள்ளூர் வரலாற்றுக்கு இரண்டாவது இழப்பு முதலாவதற்குக் குறைந்ததில்லை என்பது என் கணிப்பு.

பிரதி எடுப்பவர்கள்

2005-ல் தன்னார்வ இளைஞர்கள் சிலர் நூலகம் என்ற பெயரிலேயே ஒரு மின்னூலகத்தைத் தொடங்கினார்கள். தமிழ் இலக்கியத்துக்கு மதுரைத் திட்டம் 1998 முதல் செய்துவந்ததை, ஈழத்து எழுத்துக்களுக்கெனச் செய்வது நோக்கம். தொடக்கத்தில் தட்டச்சு செய்தார்கள். பிறகு பக்கங்களை ஸ்கேன் செய்து அப்படியே ஏற்றும் வழிக்கு மாறினார்கள். இந்த மாற்றம் சாதாரணமாகத் தெரியும், ஆனால் உள்ளூர்ச் சேகரிப்புக்கு அதுதான் திருப்பம். தட்டச்சுக்கு உட்கார்ந்தால் முதலில் சிறந்த நாவல், புகழ்பெற்ற கவிதை என்றுதான் கை போகும். கோயில் மலரை உட்கார்ந்து தட்டச்சு செய்ய யாருக்கும் பொறுமை வராது. ஸ்கேனருக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. பிரதேச சஞ்சிகை, பாடசாலை மலர், நினைவு மலர், பத்திரிகை எல்லாம் உள்ளே வந்தன. வடக்கிலும் கிழக்கிலும் வீடுகளில் எஞ்சிய ஓலைச்சுவடிகளை மின்படமாக்கும் வேலைகளும் நடந்தன. சுவடி வீட்டுக்காரரிடமே இருக்கும், படம் எல்லோருக்கும் கிடைக்கும். ‘குடும்பச் சொத்து, தர மாட்டோம்’ என்று கதவைச் சாத்திய வீடுகளுக்கு இந்த ஏற்பாடு பொருந்தியது.

பொது நூலகத்துக்கு இது போட்டியா? சிலர் அப்படிப் பேசுவதுண்டு. வேலையே வேறு வேறு. மின்னூலகத்தால் ஒரு மலரைக் காட்ட முடியும். அந்த மலரில் வரும் ஆசிரியர் யார், படத்தில் இடது ஓரம் நிற்பவர் யார் என்று ஊர் முதியவரை உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொள்ள ஓர் இடமும், நாற்காலியும், பகல் முழுக்க அங்கே இருக்கும் நூலகரும் வேண்டும். மின்னூலகம் நன்கொடையில் ஓடுகிறது. நன்கொடை தருபவர்களில் பலர் புலம்பெயர்ந்த முதல் தலைமுறையினர், அவர்களுக்கு வயதாகிறது. பொது நூலகத்துக்கு வரிப்பணம் வருகிறது, சட்டப்படி வந்துகொண்டே இருக்கும். இரண்டில் ஒன்றை மட்டும் நம்பினால் மறுபடியும் ஒற்றைப் பிரதி நிலைமைதான்.

பொது நூலகம் செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிக்காதவை. மாநகர எல்லைக்குள் அச்சடிக்கும் எவரும், திருவிழா மலரோ கல்வெட்டோ, இரண்டு பிரதி நூலகத்துக்குத் தர வேண்டும் என்று அச்சகங்களோடு ஓர் உடன்பாடு. வருவதை அன்றே நூற்பதிவேட்டில் ஏற்றுவது, தலைப்பு இல்லாத தாளாக இருந்தாலும். பதிவேட்டின் நகலை ஆண்டுக்கொருமுறை வேறு மாவட்டத்து நூலகம் ஒன்றுக்கு அனுப்பி வைப்பது. எரிந்தாலும் என்ன எரிந்தது என்று தெரிய அந்த நகல் ஒன்று போதும்.

ஆனால் அச்சகங்களோடு செய்யும் உடன்பாடு பாதித் தூரம்தான் போகும். இன்றைக்கு யாழ்ப்பாணத்து ஊர்களைப் பற்றிய மலர்களில் ஒரு பங்கு யாழ்ப்பாணத்தில் அச்சாவதில்லை. பழைய மாணவர் சங்கத்துப் பொன்விழா மலர் ரொறன்ரோவில் அச்சாகிறது. ஊர் ஒன்றியத்தின் ஆண்டு மலர் பாரிசில். கொக்குவிலில் பிறந்து லண்டனில் இறந்தவரின் கல்வெட்டு லண்டனிலேயே அச்சாகி, மண்டபத்தில் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. வீட்டுக்குப் போகும் வழியில் பாதி காரிலேயே கிடக்கும். அந்த நாடுகளின் தேசிய நூலகங்களில் ஒரு பிரதி சேர்ந்தால் உண்டு, பெரும்பாலும் சேர்க்க வேண்டும் என்றுகூட அச்சிட்டவருக்குத் தெரியாது. 1933-ல் செல்லப்பா வேண்டுகோள் வெளியிட்டதைப் போல, யாழ். பொது நூலகம் ஒரு கடிதம் எழுதி ஒவ்வொரு ஊர் ஒன்றியத்துக்கும் அனுப்பலாம்: உங்கள் மலரில் இரண்டு பிரதி எங்களுக்கு, தபால் செலவு எங்களுடையது என்று. அஞ்சலில் வருவதற்கு மூன்று வாரமாகும், பரவாயில்லை.